பழைய சுவரை இடிக்க அவசரப்படாதீர்கள்

முகத்துவாரத்தில், களனி கங்கை கடலோடு சேரும் இடத்திற்குச் சற்று உள்ளே, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் பதினாறு ஆண்டுகள் வாடகைக்கு இருந்த விவசாயக் குடும்பம் ஒன்றை நான் அறிவேன். 1996ஆம் ஆண்டு கிளிநொச்சியைவிட்டு வெளியேறி, வவுனியாவில் சில மாதங்கள் அலைந்து, பின்னர் கொழும்புக்கு வந்தவர்கள். படுக்கைக்குப் பக்கத்திலேயே அடுப்பு. பிள்ளைகள் படிப்பதென்றால் மற்றவர்கள் வெளியே போய் நிற்கவேண்டும். வீட்டின் மூதாட்டி அரிசி ரின்னுக்குள் பொலித்தீன் பையொன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். அதற்குள் அவருடைய கணவருக்கு அரசு கொடுத்த காணிப் பேர்மிற் மடித்துக் கிடந்தது. அறையை மாற்றிய ஒவ்வொரு தடவையும் முதலில் புறப்பட்டது அந்த ரின்தான்.

2012ஆம் ஆண்டு அவர்கள் திரும்பிப் போனார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் மூடப்பட்டதும் அந்த ஆண்டு செப்ரெம்பரில்தான். வன்னியெங்கும் வளவு துப்புரவாக்கும் சத்தமும் புகையுமாக இருந்த காலம். இவர்களது வளவில் குடியேற்றத் திட்டக் காலத்து வீடு நின்றது. இரண்டு அறைகள், முன்னால் விறாந்தை, பின்னால் குசினிக் கொட்டில் நின்ற தடம். கூரை இல்லை. கதவும் நிலையும் இல்லை. மேற்குச் சுவரில் ஓர் ஆலங்கன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஆனால் நான்கு புறச் சுவர்களும் நின்றன.

மூதாட்டிக்கு இரண்டு ஆண் மக்கள். சுவரை இடித்துப் புதிதாகக் கட்டவேண்டும் என்பது இருவரதும் எண்ணம். "பாதர், திருத்தினால் பாதிக் காசுதான். இடிச்சுப்போட்டுக் கட்டினால்தான் முழுக்காசு" என்றார் இளையவர். தாயார் என்னைப் பார்த்தார். "உந்தச் சுவர் ரெண்டு சண்டையையும் கண்டு நிக்குது சுவாமி. அதிலை என்ன குறை எண்டு இடிக்கப் போறியள்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. பின்வருவன மேசன்மாரிடமும் பொறியியலாளரிடமும் கேட்டும், சில பிழைகளை நானே விட்டும் அறிந்தவை. வளவில் பழைய வீடொன்று நிற்கும் குடும்பங்களுக்கு இது உதவலாம்.

முதலில் நிலம், பிறகு சுவர்

நெடுங்காலம் ஆளில்லாத வளவில் கால்வைக்குமுன் கண்ணிவெடி அகற்றப்பட்ட பிரதேசமா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிசெய்ய வேண்டும். இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஆயினும் வடக்கில் அகற்றும் வேலை அத்துடன் முடிந்துவிடவில்லை. மேற்பரப்பைத் துப்புரவாக்கியதை அத்திவாரம் வெட்டுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாழ்கிணற்றை இறைக்கும்போதும், இடிந்த சுவர்க் குவியலைக் கிளறும்போதும் ஐயமான எதையும் தொடாமல் அறிவியுங்கள்.

அடுத்தது காணிப் பத்திரம். எமது குடியேற்ற நிலங்கள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. பேர்மிற்காரர் தமக்குப் பின் உரித்தாளி யார் என்று பதிவுசெய்யாமல் இறந்திருந்தால், அச்சட்டத்தின் அட்டவணை ஆண் மக்களுக்கே முதலிடம் கொடுத்தது. 2022இல் வந்த திருத்தம் இந்த ஆண்–பெண் பாகுபாட்டை நீக்கியது. யார் பெயரில் காணி என்பது தெளியாமல் அறை சேர்ப்பது, பிறர் வயலுக்கு நீர் பாய்ச்சுவது போன்றது. அறையைக் கட்டியவர் தம்பியாகவும், உரித்தாளி அண்ணனாகவும் இருந்து, நல்ல வீட்டில் நல்ல உறவு முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு ஒரு நாளைச் செலவழியுங்கள். சீமெந்து வாங்குவது அதற்குப் பிறகு. தனியார் உறுதிக் காணியில் பிறர் குடியிருந்து உரிமை கோரிய இடங்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன் கீழ் வழக்குத் தொடர வைத்திருந்த இரண்டு ஆண்டு அவகாசம் முடிந்துவிட்டது. அத்தகைய சிக்கல் உள்ளவர்கள் சட்ட ஆலோசனை பெறாமல் ஒரு கல்லும் வைக்கவேண்டாம்.

சுவர் நல்லதா என்று எப்படி அறிவது?

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தூக்குநூலும் ஆணியும் மண்வெட்டியும் போதும். தூக்குநூலைச் சுவரின் உச்சியிலிருந்து விட்டுப் பாருங்கள். எட்டடிச் சுவர் இரண்டு அங்குலத்துக்கு மேல் சரிந்திருந்தால், அனுபவமுள்ளவர் பார்க்கும்வரை கைவைக்க வேண்டாம். ஆணியால் கல்லிடைச் சாந்தைச் சுரண்டுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் மாவாகக் கொட்டினால் அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்துப் புதுச் சாந்து அடைக்கவேண்டும். மூலையில் ஒரு குழி வெட்டி அத்திவாரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, கருங்கல்லா செங்கல்லா என்று கண்ணால் காணுங்கள். பின்னால் அறை சேர்க்கும்போது இந்த ஆழம் உங்களுக்குத் தேவைப்படும்.

வெடிப்புகள் எல்லாம் ஒன்றல்ல. சாந்தில் மட்டும் ஓடும் மயிர்போன்ற வெடிப்பைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. யன்னல் மூலையிலிருந்து கல்லையும் பிளந்துகொண்டு சரிவாக இறங்கும் வெடிப்பு, அத்திவாரம் ஒரு பக்கம் தாழ்ந்திருப்பதைக் காட்டும். அது இன்னும் அசைகிறதா, நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. வெடிப்புக்குக் குறுக்கே சிறு சீமெந்துப் பொட்டு வைத்துத் திகதியை எழுதிவிடுங்கள். ஒரு மாரி கடந்தபின் பொட்டு வெடிக்காமலிருந்தால் சுவர் ஓய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சுவரில் முளைத்த ஆலையும் அரசையும் வெட்டிவிட்டால் போதாது. வேர் கல்லிடையே உயிரோடிருக்கும். அடுத்த மாரிக்கு மறுபடி தலைகாட்டும். வேர் போன இடமெல்லாம் கல்லைக் கழற்றி, வேரை எடுத்துத் திரும்பக் கட்டுவதே வழி. கூரையில்லாமல் பல மாரி நனைந்த சுவரின் மேல் இரண்டு மூன்று வரிக் கற்கள் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். அவற்றையும் கழற்றி மீண்டும் கட்டி, மேலே கம்பி வைத்த கொங்கிறீற்றுப் பட்டியொன்றைச் சுற்றிவர இடவேண்டும். அதன்மேல்தான் புதுக்கூரை உட்காரும்.

இன்னொன்று. பழைய வீடுகள் பல சுண்ணாம்புச் சாந்தால் பூசப்பட்டவை. அவற்றின் மீது கெட்டியான சீமெந்துப் பூச்சை அடித்தால், சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும். இரண்டு மாரியில் பூச்சு பாளமாக உரிந்து விழும். மேசன் "சீமெந்துதான் பலம்" என்பார். இந்த இடத்தில் அவர் சொல்வதைக் கேட்கவேண்டாம்.

மேற்படி வீட்டில் ஒரு சுவரில் பாதியையும், மேல்வரிகளையும் மட்டுமே கழற்ற நேர்ந்தது. மற்றவை நன்றாயிருந்தன. மூதாட்டிக்கு அதில் பெருமை.

பத்தி இறக்குவதா, முகட்டை நீட்டுவதா?

இரண்டறை வீட்டை ஆறேழு பேர் வாழும் வீடாக்க எம்மவர் முதலில் நினைப்பது பின்புறம் ஒரு பத்தி இறக்குவதைத்தான். நானும் அதையே சொன்னேன். அது பிழையான ஆலோசனை. கணக்கைப் பாருங்கள். கூரையின் இறவாணம் எட்டடி உயரத்தில் நிற்கிறது. ஓட்டுக்கூரை மழை ஒழுகாமலிருக்க, இரண்டடி அகலத்துக்கு ஓரடியாவது சரியவேண்டும். எட்டடி அகலமான பத்தி என்றால் நான்கடி இறங்கும். வெளிப்பக்கச் சுவரில் மிஞ்சுவது நான்கடி. ஆள் நிமிர்ந்து நிற்கமுடியாது. சரிவைக் குறைத்தால் ஓட்டிடுக்கால் தண்ணீர் வரும். தகரம் போட்டால் சரிவு குறையலாம், ஆனால் வன்னி வெய்யிலில் தாழ்ந்த தகரத்தின் கீழ் சமைப்பவர் படும் பாட்டைச் சமைப்பவரிடமே கேளுங்கள். என் பேச்சைக் கேட்டுக் கட்டிய பத்திக் குசினியில் புகை போக வழியில்லாமல், அந்த வீட்டு மருமகள் ஒரு மாரி முழுவதும் இருமினார். அடுத்த ஆண்டு அதைக் கழற்றினார்கள். செலவு அவர்களுடையது, ஆலோசனை என்னுடையது.

அதைவிடச் சிறந்தது முகட்டை நீட்டுவது. வீட்டின் கூர்முகச் சுவர்ப் பக்கத்தில், அதே அகலத்துக்கு, அதே உயரத்துக்கு வீட்டை நீளச்செய்வது. மேற்படி வீடு இருபதடி நீளம், விறாந்தை உட்படப் பதினாறடி அகலம்: 320 சதுர அடி. கூர்முகப் பக்கம் பன்னிரண்டடி நீட்டியபோது 192 சதுர அடி கூடி, 512 ஆயிற்று. புதிய பகுதிக்கு மூன்று சுவர்களே வேண்டும். நான்காவது ஏற்கெனவே நிற்கிறது. கூரையும் ஒரே சரிவில் ஓடுவதால் தண்ணீர் தேங்கும் பள்ளம் எங்கும் இல்லை.

பழையதும் புதியதும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலான வீடுகள் வெடிக்கின்றன. பழைய அத்திவாரம் ஐம்பது ஆண்டுகளாகத் தாழவேண்டிய அளவு தாழ்ந்துவிட்டது. புதியது இனித்தான் தாழப்போகிறது. இரண்டையும் பல்வைத்துக் கோத்துக் கட்டினால் ஒன்று இறங்கும்போது மற்றதை இழுத்துப் பிளக்கும். ஆகவே நேர்க்கோட்டில் ஓர் இடைவெளி விட்டுக் கட்டி, உள்ளே பலகைச் சட்டத்தால் மறைத்துவிடுவது நல்லது. மேலே போகும் கொங்கிறீற்றுப் பட்டியும் இரு பகுதிக்கும் தனித்தனியாக இருக்கட்டும். ஓடுகள் சிறு அசைவைத் தாங்கும். புதிய அத்திவாரம் பழையதன் ஆழத்துக்கே போகவேண்டும். அதைவிட ஆழமாகப் பழைய அத்திவாரத்தின் காலடியில் வெட்டினால், நல்ல சுவரை நாமே சாய்த்தவர்களாவோம்.

காலம் விவசாயிக்குத் தெரிந்ததே. பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசும் ஓய்வும் இருக்கும் மாசி, பங்குனியில் அத்திவாரம் போட்டால், ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறிவிடும். வறண்ட காலத்தில் கட்டுவதன் கெடுதி ஒன்று: சீமெந்து வேலை காயவிடப்படுகிறது. குறைந்தது ஏழு நாட்கள் காலை மாலை தண்ணீர் ஊற்றாத சீமெந்து, விலை கொடுத்து வாங்கிய மண்தான்.

முழுக்காசும் பாதிக்காசும்

இனி இளையவரின் கணக்குக்கு வருவோம். எமது பகுதிகளில் வீட்டு உதவிகள் பலவும் உரிமையாளர் தாமே கட்டும் முறையில் வந்தன. 2005இல் நடைமுறைக்கு வந்த, உலக வங்கி நிதியளித்த வடகிழக்கு வீடமைப்பு மீள்நிர்மாணத் திட்டம் ஒரு வீட்டுக்கு 250,000 ரூபாவும், பின்னர் 325,000 ரூபாவும் கட்டங்கட்டமாகக் கொடுத்தது. 2010 ஜூனில் இந்தியா 50,000 வீடுகளை அறிவித்தது. 2012 ஒக்ரோபர் 2ஆம் நாள் தொடங்கிய அதன் பெரும் கட்டத்தில் புது வீட்டுக்கு 550,000 ரூபா, திருத்த வேலைக்கு 250,000 ரூபா. வடக்கு கிழக்கில் இவ்வாறு எழுந்த வீடுகள் 46,000 அளவில். எமது மக்கள் தாமே மேசனைப் பிடித்து, தாமே கல் சுமந்து எழுப்பியவை அவை. இம்முறையின் பெருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் 550,000 என்பது 550 சதுர அடி வீட்டுக்கான கணக்கு. கூரைவரை போன பல குடும்பங்கள் தம் கையிலிருந்தும் கடனிலிருந்தும் சேர்த்தே போயின. அதிலும் "ஒருதரம்தானே கட்டுறம்" என்று 800, 900 சதுர அடிக்கு அத்திவாரம் போட்டவர்கள் பலர். வேலியில்லா வளவுபோல் ஆசைக்கும் எல்லையில்லை. நகை அடைவுக்குப் போனது. பிறகு வாரக்கடன் கொடுப்பவர் படலைக்கு வந்தார். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் 100,000 ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசே பொறுப்பேற்கும் என்று அறிவிக்கவேண்டி வந்ததென்றால், கடன் எவ்வளவு ஆழம் போயிருந்தது என்பதை உணரலாம். அக்கடன்கள் யாவும் வீட்டுக்காக வாங்கியவையல்ல. ஆனால் லின்டல் மட்டத்தில் நின்றுபோன சுவர்களுக்கும் அவற்றில் பங்குண்டு.

மறுபுறம், கட்டுவதையே எம் கையிலிருந்து எடுக்க முயன்ற திட்டமும் வந்தது. 2016 அளவில் 65,000 உருக்குப் பொருத்து வீடுகள், ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்று பேசப்பட்டது. அதே காசுக்கு இரண்டு மூன்று கல்வீடுகள் கட்டலாம் என்று பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தனர். அந்த 65,000 வீடுகளும் எழவில்லை. எனக்கு அதில் பட்ட பெருங்குறை விலையல்ல. உருக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் எந்த மேசன் அறை சேர்ப்பான்? பிள்ளை வளர வளரக் கூடவே வளரமுடியாத வீட்டை விவசாயி என்ன செய்வான்?

மேற்படி இரு சகோதரரில் இளையவர் தமக்கென்று பிரித்துக்கொண்ட நிலத்தில் புதிதாக, பெரிதாகத் தொடங்கினார். மூத்தவர் தாயின் சொல்லுக்கு இணங்கிப் பழைய சுவர்மேல் கூரை போட்டு, அதற்குள் குடியிருந்துகொண்டே இரண்டாம் ஆண்டு முகட்டை நீட்டினார். இளையவரின் வீடு மூன்று ஆண்டுகள் லின்டல் மட்டத்தில் நின்றது. அவர் சோம்பேறியல்லர், மூத்தவரைவிடக் கடும் உழைப்பாளி. ஒரே தடவையில் முடிக்கவேண்டும் என்ற கணக்கே அவரை நிறுத்தியது. உதவித்தொகை தீர்ந்த இடத்தில் வீடு தீரவில்லை. கட்டங்கட்டமாகக் கட்டுபவன் எந்தக் கட்டத்தில் நின்றாலும் கூரைக்குக் கீழ்தான் நிற்பான். 2022இல் சீமெந்துப் பை 3,000 ரூபாவைத் தொட்டபோது, பாதியில் நின்றவர்களே அதிகம் அடிபட்டார்கள்.

மண்ணும் ஓடும்

சீமெந்து விலையைக் கண்டபின் மண்ணைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். "மண்வீடா பாதர்? அதுக்குத்தானே இவ்வளவு காலம் கொட்டிலில் இருந்தம்" என்ற குரல் கேட்கிறது. நான் சொல்வது அதையல்ல. ஏற்ற மண்ணோடு சிறிதளவு சீமெந்து கலந்து பொறியில் அழுத்திய மண்கல். சூளையும் விறகும் வேண்டாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதுபற்றி நெடுநாள் ஆய்வு நடந்து, இலங்கைக் கட்டளை நிறுவகம் 2009இல் இதற்கு ஒரு தரமும் வகுத்திருக்கிறது. கேரளத்தில் லோறி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் செங்கல்லை நிறுத்திவைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டை ஏழைகளின் வீடுகளுக்குப் பயன்படுத்திக் காட்டினார். கல்லில் நான்கில் ஒரு பங்கு அளவு மிச்சம். ஆனால் அதற்கு ஒரே அளவான நல்ல கல் வேண்டும். கோணிய கல்லில் அது சரிவராது.

கடையில் வாங்கும் சீமெந்துக் கல்லை இடுப்புயரத்திலிருந்து நல்ல தரையில் போட்டுப் பாருங்கள். தூளாகிப் போகும் கல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். கடல்மணலைக் கம்பி வேலைக்குத் தொடவே வேண்டாம். உப்பு கம்பியைத் தின்னும். கூரைக்குப் பனஞ்சலாகை நல்லது. ஆனால் 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவோடு பெண்பனையையும் காக்கிறது. அனுமதியின்றித் தறிக்கவேண்டாம். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றுகள் வளவில் கிடந்தால் பிள்ளைகளை உடைக்கவிடாதீர்கள். அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்து நோயாக வரும். அகற்றவேண்டின் தண்ணீர் தெளித்து நனைத்து, முழுதாகக் கழற்றுங்கள். அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம்.

மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது ஐம்பதடி தள்ளியிருக்கவேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அதுவும் போதாது; எவ்வளவு தள்ளமுடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். பூச்சிமருந்தும் விசிறும் தாங்கியும் வீட்டுக்குள் வரவே கூடாது. நெல் மூட்டைக்கு இடம் விடாமல் வீட்டுப்படம் கீறினால், அறுவடையன்று நீங்கள் விறாந்தையிலும் மூட்டைகள் கட்டிலிலும் படுக்கவேண்டிவரும்.

யாருக்காகக் கட்டுகிறோம்?

இதைப் பலர் என்னிடம் மெல்லிய குரலில்தான் கேட்பார்கள். முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வளர்ந்த பிள்ளைகள் வயலுக்குத் திரும்புவார்களா? மூத்தவரின் மகன் ஒருவன் கொழும்பிலேயே வேலைக்கு நின்றுவிட்டான். அவனுக்கென்று ஓர் அறை வேண்டுமென்பது தாயின் ஆசை. வராதவனுக்கு அறை எதற்கு என்பது தகப்பனின் கேள்வி. இருவரும் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. இன்று வீட்டில் படுப்பவர்களுக்கு இன்று கட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் செய்தது என் யோசனையைவிட நல்லது. மகனின் அறைக்கு அத்திவாரத்தை மட்டும் போட்டு, மண் நிரப்பி, மேலே சீமெந்துத் தளம் இட்டார்கள். அறுவடை நாளில் அதில் நெல் காய்கிறது. மற்ற நாட்களில் மிளகாய். நான் சென்ற தடவை போனபோது மூதாட்டி அதன் ஓரத்தில் சாக்கொன்றை விரித்து, கையில் தடியோடு காகம் விரட்டிக்கொண்டிருந்தார். "இது பேரன்ரை அறை, சுவாமி. செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ" என்றார்.